வள்ளத்திலும் வயலிலும் நைலோன் கயிறு வெட்டுவதற்கேற்ற கத்தரிக்கோல்



முன்னாளில் எமது கமங்களிற் கட்டுவதற்கு உபயோகிக்கப்பட்டவை தென்னந்தும்புக் கயிறும் பனைநாரும் சணல் நூலுமே. மாட்டின் கழுத்துக் கயிறு முதல் தோணியின் கட்டுக்கயிறு வரை அவையே பயன்பட்டன. அவற்றை வெட்டுவதற்குத் தனியாக ஓர் ஆயுதத்தைத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இடுப்பிற் செருகிய வில்லுக்கத்தியோ கையிலிருந்த அரிவாளோ போதுமாயிருந்தது. இன்று பாகற் பந்தலுக்கும் பயற்றங்கொடிக்கும் செயற்கை நூல் கட்டப்படுகின்றது. நெல் மூடைகளை உழவு இயந்திரப் பெட்டியில் இறுக்குவதற்கும், நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்குவதற்கும், வள்ளத்தைக் கரையிற் கட்டுவதற்கும் நைலோன் முதலிய செயற்கைக் கயிறுகளே உபயோகிக்கப்படுகின்றன. கயிறு மாறிவிட்டது, அதனை வெட்டும் ஆயுதம் மட்டும் மாறவில்லை. வீட்டிலே துணி வெட்டும் கத்தரிக்கோலையும் மழுங்கிய கத்தியையுமே பலர் இன்றும் நம்பியிருக்கின்றனர்.

தோட்டத்தில் நின்று பந்தற் கயிறு வெட்டும்போது ஆயுதம் சரியில்லையாயின் நேரந்தான் வீணாகும். வள்ளத்திலோ நிலைமை வேறு. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே நெல்வயல்கள் நிறைந்த படுவான்கரையும் உள்ளன. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் பலருடைய பயணம் இலகுவாயிற்று. ஆயினும் வாவியையும் ஆற்றையும் அண்டிய கிராமங்களிற் சிறு தோணியோ பைபர் வள்ளமோ இல்லாமற் காரியம் நடவாத கமக்காரர் உளர். வடக்கின் களப்போரங்களிலும் தீவுப் பகுதிகளிலும் கமத்தையும் மீன்பிடியையும் சேர்த்துச் செய்வோரும் உளர். இத்துண்டுப்பிரசுரம் முக்கியமாக அவர்களை எண்ணியே எழுதப்படுகின்றது. வள்ளம் இல்லாதவர்களுக்கும் இதிற் கூறப்படுவனவற்றுட் பெரும்பகுதி பயன்படும்.

வள்ளத்திற் கயிற்றை உடனே வெட்டவேண்டிய சந்தர்ப்பங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரும்போக மழைக்காலத்தில் இரவோடிரவாக ஆற்றிலே வெள்ளம் ஏறுகின்றது. கரையிலுள்ள மரத்தில் இறுகக் கட்டப்பட்ட வள்ளத்தின் அணியம் மேலெழ இயலாமற் கயிற்றினாற் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு நிற்கின்றது. சற்று நேரத்தில் அணியத்தின் மேலாக நீர் உள்ளே பாயும். நனைந்து இறுகிய நைலோன் முடிச்சைக் கையால் அவிழ்ப்பது நடவாத காரியம். மற்றொரு சந்தர்ப்பம்: மூடைகளுடன் வள்ளம் புறப்படுகின்றது, கரையிலே கட்டிய கயிற்றின் சுருளுக்குள் ஒருவருடைய கால் அகப்பட்டுவிடுகின்றது. இயந்திரத்தை நிறுத்தியபின்னும் வள்ளம் தன் வேகத்திற் சிறிது தூரம் செல்லும். அவ்வளவு நேரமுமே உங்களுக்கு உண்டு. அப்போது கைக்கு வரும் ஆயுதம் முதல் வெட்டிலேயே கயிற்றை அறுக்கவேண்டும்.

கயிற்றின் தன்மை

செயற்கைக் கயிறுகள் யாவற்றையும் நாம் நைலோன் என்றே அழைக்கிறோம். நைலோன் என்பது 1935 இல் அமெரிக்காவின் தூப்பொன்ட் கம்பனியில் வாலஸ் கரோதேர்ஸ் என்பவரின் குழுவினர் ஆக்கிய ஒரு பொருள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலம், பச்சை, மஞ்சட் கயிறுகளுட் பெரும்பாலானவை நைலோன் அல்ல. அவை பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலியெதிலீன் என்னும் வேறு பொருட்களால் ஆனவை. இவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு துண்டை வாளி நீரில் இட்டு, காற்றுக் குமிழிகள் போகும்படி விரல்களால் நசித்துவிடுங்கள். பொலிப்புரொப்பிலீனும் பொலியெதிலீனும் மிதக்கும். நைலோனும் பொலியெஸ்ரரும் தாழும். வள்ளக்காரருக்கு இது முக்கியமான செய்தி. ஏனெனில், நீரில் தவறி விழுந்தால் மிதந்துகொண்டிருந்து இயந்திரத்தின் விசிறியிற் சுற்றுவது பெரும்பாலும் மிதக்கும் கயிறே.

நைலோன் கயிறு இழுபடும் இயல்பு கூடியது. அறுபடும் நிலைக்கு வருமுன் தன் நீளத்தில் ஐந்திலொரு பங்கோ அதனிலும் கூடவோ அது நீளவல்லது. அதனாலேயே அலையின் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு அது உகந்தது. அதனாலேயே இறுகி நிற்கும்போது வெட்டினாற் சாட்டைபோற் பின்னடிப்பதும் அதுவே.

தும்புக் கயிற்றின் நார் கரடுமுரடானது. கத்தி பட்ட இடத்திற் பிடித்துக்கொள்ளும். செயற்கை இழையோ கண்ணாடிபோல் வழுவழுப்பானது. மேலும் அது எளிதில் முறியாமல் வளைந்து கொடுக்கும். நனைந்து பாசி படிந்துவிட்டால் வழுக்கும் தன்மை இன்னும் அதிகரிக்கும். இவ்வழுக்கலே வெட்டுவோருக்கு முதலாவது எதிரி.

சாதாரணக் கத்தரிக்கோல் ஏன் தோல்வியடைகின்றது?

கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் விரிந்து நிற்கையில் அவற்றுக்கிடையே ஒரு கோணம் உண்டாகின்றது. கயிற்றை அதனுள் வைத்து அழுத்தும்போது, அலகுகள் அதனை வெட்டுவதற்கு முன்னர் நுனியை நோக்கித் தள்ளுகின்றன. துணியிலும் கடதாசியிலும் இத்தள்ளுதல் பெரிதாகத் தோன்றாது. உருண்டையும் வழுவழுப்புமான நைலோன் கயிறோ அப்படியே வழுக்கி நுனிக்குச் சென்றுவிடும். நுனியில் அலகுகளுக்குப் பலம் குறைவு. ஆகவே கயிறு வெட்டுப்படாமல் இரு அலகுகளுக்கும் இடையே மடிந்து புகுந்துகொள்ளும். மேலும் அழுத்தினால் அலகுகள் விலகும், அச்சாணி இளகும், பின்னர் அக்கத்தரிக்கோல் துணி வெட்டவும் உதவாது. வீட்டிலுள்ளோரின் கோபத்துக்கு ஆளாவதற்கும் அதுவே காரணமாகும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, வழுக்கலைத் தடுப்பது. நெல்லரியும் அரிவாளுக்குப் பற்கள் வைத்திருப்பதன் காரணத்தை நீங்கள் அறிவீர்கள். வழுவழுப்பான நெற்றாளை அப்பற்கள் பற்றிப்பிடிப்பதால் அது நழுவாது அறுபடுகின்றது. அதேபோல, ஓர் அலகிலேனும் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்ட கத்தரிக்கோல் கயிற்றை இருந்த இடத்திலேயே பிடித்து வைத்து வெட்டும். இரண்டு அலகுகளிலும் பற்கள் இருக்கவேண்டியதில்லை. ஓர் அலகு பற்களுடனும் மற்றையது சமமான கூர்முனையுடனும் இருப்பதே சிறந்தது. தீட்டுவதற்கும் அதுவே வசதி.

மற்றையது, கைப்பலத்தைப் பெருக்குவது. எமது பாட்டிமாரின் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கொட்டைப்பாக்கை அவர்கள் இலகுவாக வெட்டியது கைப்பலத்தால் அன்று. பாக்கு அச்சாணிக்கு மிகக் கிட்டவும் கைபிடிக்கும் இடம் தூரவும் இருந்தமையாலேயே அது இயன்றது. கத்தரிக்கோலுக்கும் இதே விதி பொருந்தும். அச்சாணியிலிருந்து கைபிடிக்கும் இடம் 12 சென்றிமீற்றர் தூரத்தில் உளதெனக் கொள்வோம். கயிறு அச்சாணிக்கு 2 சென்றிமீற்றர் தூரத்தில் இருந்தால் உங்கள் கைவிசை ஆறு மடங்காகக் கயிற்றிற் பதியும். கயிறு நுனிக்கு வழுக்கி 8 சென்றிமீற்றர் தூரத்துக்குச் சென்றுவிட்டால் அது ஒன்றரை மடங்காகக் குறைந்துவிடும். ஆகவே நீண்ட அலகும் குறுகிய பிடியும் உள்ள தையற்காரர் கத்தரிக்கோல், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், இவ்வேலைக்கு ஆகாது. அலகு குறுகியதாகவும் பிடி நீண்டதாகவும் இருப்பதையே தெரிவுசெய்தல் வேண்டும்.

எதை வாங்குவது?

பென்சிற் தடிப்புக்கு உட்பட்ட கயிறுகளுக்கு, அம்புலன்ஸ் வண்டிகளிற் காயப்பட்டோரின் உடையை வெட்ட உபயோகிக்கும் வளைந்த கத்தரிக்கோல் மிகவும் நல்லது. அதன் கீழ் அலகின் நுனி மொட்டையாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். காலிலோ கையிலோ இறுகிய கயிற்றின் கீழ் அதனைச் செலுத்தினால் தோலிற் குத்தாது. அலகிற் பற்களும் உண்டு. விலையும் அதிகமில்லை. மருந்துக் கடைகளிலும் வைத்தியசாலை உபகரணம் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அதனிலும் தடித்த கயிறுகளை அடிக்கடி வெட்டுவோர், இரும்புக் கடைகளில் விற்கப்படும் தகரம் வெட்டும் கத்தரியைப் பரிசீலிக்கலாம். குறுகிய அலகு, நீண்ட பிடி, அலகிலே பல் என வேண்டியன யாவும் அதில் உண்டு. சிலவற்றில் இரண்டு இணைப்புக்கள் சேர்ந்து கைவிசையை இன்னும் பெருக்கும். ஆயின் அது பாரமானது. அதன் நுனியும் ஆபத்தானது. உடலுக்கு அண்மையிற் கயிற்றை வெட்ட அதனை உபயோகித்தல் ஆகாது.

கிளை வெட்டும் கத்தரிகளும் கயிற்றை வெட்டும். அவற்றின் கீழ்வாய் கொக்கிபோல் வளைந்திருப்பதாற் கயிறு வெளியே வழுக்காது. எனினும் ஓர் எச்சரிக்கை. மிளகாய், தக்காளிச் செடிகளில் உபயோகிக்கும் கத்தரியை வள்ளத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் உபயோகித்துவிட்டு மீண்டும் தோட்டத்துக்குக் கொண்டுவருவது நன்றன்று. மணலிற் கிடந்த கயிற்றினால் மழுங்கிய அலகு தண்டைச் சீராக வெட்டாது நசிக்கும். நசிந்த காயத்தினூடே நோய் இலகுவிற் புகும். தோட்டத்துக்கு ஒன்று, கயிற்றுக்கு ஒன்று என வைத்துக்கொள்க.

உருக்கைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். வாவி நீரில் உப்புக் கலந்திருப்பதாற் சாதாரண உருக்கு சில நாட்களிலேயே துருப்பிடிக்கும். துருவேறிய அச்சாணி இறுகிவிட்டால், வேண்டிய வேளையிற் கத்தரிக்கோல் திறவாது. ஆகவே வள்ளத்துக்குத் துருப்பிடியா உருக்கே ஏற்றது. குறைந்தது நூற்றுக்கு 10.5 பங்கு குரோமியம் சேர்ந்த உருக்கையே இப்பெயரால் அழைப்பர். அதிலும் இருவகை உண்டு. பாத்திரங்களுக்கு உபயோகிக்கும் மெதுவான வகையைக் காய்ச்சித் தோய்த்து வைரமாக்க முடியாது. அதில் ஆக்கிய அலகு விரைவில் மழுங்கும். வெட்டும் ஆயுதத்துக்குரிய வகை காந்தத்தால் இழுக்கப்படும். பாத்திர வகை இழுக்கப்படாது, அல்லது மிகச் சிறிதே இழுக்கப்படும். எனவே கடைக்குச் செல்லும்போது ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். உருக்கு அலகிலே காந்தம் ஒட்டாவிடில் அதனை விட்டுவிடலாம். ஒட்டினால் அது நல்லதென்று முடிவாகாது. அடுத்த பரீட்சைக்கு உரியது என்றே பொருள்.

அப்பரீட்சையாவது, உங்கள் வள்ளத்தின் கயிற்றில் ஒரு முழம் வெட்டியெடுத்து, நனைத்து, கூடவே கொண்டுபோவது. கடைக்காரர் கடதாசியை வெட்டிக் காட்டுவார். கடதாசியை எந்தக் கத்தரிக்கோலும் வெட்டும். உங்கள் ஈரக் கயிற்றை அலகின் அடியிலும் நடுவிலும் நுனியிலும் வைத்து வெட்டிப் பாருங்கள். நடுவிலே வைத்த கயிறு நுனிக்கு ஓடினால் அது வேண்டாம். பின்னர் கத்தரிக்கோலை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நல்ல கத்தரிக்கோலின் அலகுகள் சற்றே வில்லாக வளைந்திருக்கும். நுனியும் அடியும் தொட்டுக்கொள்ள, நடுவில் மெல்லிய ஒளிக்கீற்றுத் தெரியும். அவ்வளைவு இருந்தாற்றான் வெட்டும் புள்ளியில் அலகுகள் ஒன்றையொன்று அழுத்தும். அச்சாணி தறையப்பட்டதா, திருகாணி பூட்டியதா என்பதையும் பாருங்கள். திருகாணி பூட்டியதாயின் இளகும்போது இறுக்கிக்கொள்ளலாம்; தறைந்தது இளகினால் அதன் ஆயுள் முடிந்தது.

பிடியின் வளையம் அகன்றதாக, ஈரமான நான்கு விரல்களும் ஒருங்கே நுழையத்தக்கதாக இருக்கவேண்டும். செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறம் நல்லது. கறுப்புப் பிடி சேற்றில் விழுந்தாற் கண்ணுக்குப் புலப்படாது. இடக்கைப் பழக்கமுடையோர் வலக்கைக் கத்தரிக்கோலை உபயோகிக்கும்போது கையின் அழுத்தம் அலகுகளை நெருக்குவதற்குப் பதிலாக விலக்குகின்றது. வள்ளத்தைச் செலுத்துபவர் இடக்கைக்காரராயின் இடக்கைக்கென்று செய்யப்பட்டதைத் தேடி வாங்குவது வீண் செலவன்று.

பத்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்புள்ள கயிற்றை ஒரே வெட்டில் அறுக்கும் கைக் கத்தரிக்கோல் அரிது. அத்தகைய கயிற்றைக் கையாள்வோர் பற்களுள்ள கத்தியொன்றையும் வைத்திருத்தல் வேண்டும். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: இறுகி நிற்கும் கயிற்றைக் கத்தி நன்றாய் அறுக்கும், தளர்ந்த கயிற்றிலோ கத்தி ஓடாது. தளர்ந்த கயிற்றையும் சிக்குண்ட வலையையும் ஒரே கையால் வெட்ட வல்லது கத்தரிக்கோல். ஆடும் வள்ளத்தில், மற்றக் கை விளிம்பைப் பிடித்திருக்கும் நிலையில், இது பெரும் வசதி. அன்றியும், கத்தி வழுக்கினால் அடுத்து நிற்பவருடைய தொடையிற் படும். கத்தரிக்கோலின் கூர் தன் அலகுகளுக்குள்ளேயே அடங்கி நிற்கும். ஒன்றையே வாங்க இயலுமாயின் கத்தரிக்கோலை வாங்குக என்பதே என் அபிப்பிராயம்.

எங்கே வைப்பது?

எவ்வளவு சிறந்த கத்தரிக்கோலும் மூடிய பெட்டிக்குள், மூடைகளின் அடியிற் கிடந்தாற் பயனில்லை. ஏறத்தாழ ஒரு சாண் நீளமான பிளாத்திக்குக் குழாய்த் துண்டொன்றை எடுத்து, வள்ளத்தைச் செலுத்துபவரின் கைக்கு எட்டுமிடத்தில் உட்பக்கமாக நிறுத்திக் கட்டிவிடுங்கள். அடிப்புறத்தைக் கத்தரிக்கோல் நழுவாதபடி ஒடுக்கி, நீர் வடிவதற்கு வழி விடுங்கள். அதனுட் கத்தரிக்கோலை நுனி கீழாக வைத்தால் இருட்டிலும் கை நேரே பிடிக்குச் செல்லும். பிடியின் வளையத்தில் ஒரு பாகம் நீளமான மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை வள்ளத்தில் இணைத்துவிடுக. உருக்கு மிதவாது, நடுவாவியில் விழுந்த கத்தரிக்கோலை எடுக்க முடியாது. அக்கயிறு கையை முழுதாக நீட்டி வெட்டப் போதிய நீளமுடையதாகவும், காலிற் சுற்றாத அளவிற் குறுகியதாகவும் இருக்கட்டும்.

வள்ளத்திலுள்ள யாவரும், பிள்ளைகள் உட்பட, அது இருக்குமிடத்தை அறிந்திருத்தல் வேண்டும். அதனை எடுத்து மீன் வெட்டுவதும் சாக்கு வாயைத் திறப்பதும் பின்னர் எங்கோ வைத்துவிடுவதும் வழக்கமாகிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வேலைகளுக்குப் பழையதொன்றை விடலாம்.

வெட்டும் முறை

கயிற்றை அலகுகளின் நுனியில் அன்றி, இயன்றவரை உள்ளே, அச்சாணிக்குக் கிட்ட வைக்கவும். நன்கு திறந்து ஒரே அழுத்தாக அழுத்தவும். சிறிது சிறிதாக மென்று வெட்டினால் இழைகள் அலகுகளுக்கிடையே புகுந்துகொள்ளும். தடித்த முறுக்குக் கயிறாயின், தளர்ந்திருக்கும் இடத்திலே முறுக்கைப் பின்னோக்கித் திருகினால் மூன்று புரிகளும் பிரியும். ஒவ்வொரு புரியாக வெட்டினால், ஒருமிக்க வெட்ட இயலாத கயிறும் மூன்று வெட்டில் அறும்.

இறுகி நிற்கும் கயிற்றை வெட்டும்போது மிகவும் எச்சரிக்கை வேண்டும். நீண்டு நிற்கும் நைலோன் அறுந்தவுடன் இரு பக்கமும் விசையாகப் பின்னடிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வை போகும். ஆகவே கயிற்றின் நேர்க்கோட்டில் நில்லாது பக்கவாட்டில் நின்று, முகத்தைத் திருப்பி, மற்றையோரையும் விலகச் செய்து, கட்டியுள்ள இடத்துக்கு மிகக் கிட்ட வெட்டவும். அவ்வாறு செய்தால் உங்கள் பக்கம் எஞ்சும் துண்டு குறுகியதாயிருக்கும். கயிறு அறுந்ததும் வள்ளம் ஒரு குலுக்குடன் எழும் அல்லது நகரும். அமர்ந்தோ முழங்காலில் நின்றோ வெட்டுவது நல்லது.

விசிறியிற் கயிறு சுற்றிவிட்டால், முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். பின்னர் அது தற்செயலாக இயங்காதவாறு நிறுத்தும் ஆளியின் கொளுவியைக் கழற்றுங்கள். அதன் பின்னரே இயந்திரத்தைத் தூக்கிக் கை வையுங்கள். சுற்றிய திசைக்கு எதிராக விசிறியைக் கையாற் சுழற்றிப் பார்த்தாற் பல வேளைகளில் வெட்டாமலே கழன்றுவிடும். சுழற்சியின் சூட்டினாற் கயிறு உருகி ஒட்டியிருந்தாற் கத்தரிக்கோல் பயன்படாது. இரும்பு அறுக்கும் வாளின் அலகுத் துண்டொன்றினால் மெல்ல அறுத்தெடுக்க வேண்டும். கரைக்கு வந்தபின் விசிறியைக் கழற்றி, அதன் பின்னே தண்டைச் சுற்றி மெல்லிய நூல் ஏதும் எஞ்சியுள்ளதா எனப் பார்க்கவும். அந்நூல் எண்ணெய் காக்கும் இறப்பர் வளையத்தை அறுத்துவிடும். பின்னர் பற்சில்லுப் பெட்டிக்குள் நீர் புகுந்து பெரும் செலவை உண்டாக்கும்.

லாண்ட்மாஸ்டரின் சுழல் கலப்பையிலும் இதுவே நடைபெறுகின்றது. வயலிற் கைவிடப்பட்ட நூற்றுண்டுகள் கத்திகளைச் சுற்றித் தண்டில் இறுகுகின்றன. இயந்திரம் ஓடும்போது அதனை இழுத்தெடுக்க முயல்வது கையைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நிறுத்திவிட்டு, சேற்றைக் கழுவி, கத்தரிக்கோலை உட்செலுத்தி வெட்டுக.

மாடோ எருமையோ கயிற்றிற் சிக்கிக்கொண்டாற் பலர் முதலிற் காலிலுள்ள கயிற்றை வெட்டப் பாய்கின்றனர். அது உதைக்கும். கழுத்துக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள கயிற்றை, கட்டைக்குக் கிட்ட, பக்கவாட்டில் நின்று வெட்டினால் இழுவை உடனே நீங்கும். விலங்கு அடங்கியபின் எஞ்சியதை மொட்டை நுனிக் கத்தரிக்கோலால் அகற்றலாம். மெல்லிய நைலோன் கயிறு கழுத்துத் தோலை அறுக்குமாதலின், மாடு கட்டுவதற்குத் தும்புக் கயிறே இன்றும் மேலானது.

வெட்டிய முனையும் துண்டும்

செயற்கைக் கயிற்றின் வெட்டுமுனை விரைவிற் பிரிந்துவிடும். வெட்டப்போகும் இடத்தில் ஒட்டுநாடாவை நான்கைந்து சுற்றுக்கள் இறுகச் சுற்றி, அந்நாடாவின் நடுவே வெட்டினால் இரு முனைகளும் பிரியாது நிற்கும், கத்தரிக்கோலும் வழுக்காது. அவசரமில்லாத வேலைகளில் இவ்வாறே வெட்டிப் பழகுக. முனையைச் சூட்டினால் உருக்கி ஒட்டுவதும் உண்டு. பொலியெதிலீன் ஏறத்தாழ 130 பாகை சதமத்திலும், பொலிப்புரொப்பிலீன் 165 பாகை அளவிலும், நைலோன் அதன் வகைக்கேற்ப 220 முதல் 260 பாகை வரையிலும் உருகும். நைலோன் முனை ஒட்டுவதற்குக் கூடிய நேரம் எடுப்பது இதனாலேயே. உருகிய துளி தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். விரலால் அழுத்தாது ஈரமான மரத்துண்டினால் அழுத்துக. மண்ணெண்ணெயும் பெற்றோலும் உள்ள வள்ளத்தினுள் இதனைச் செய்தலே கூடாது. கரையில், காற்றோட்டமான இடத்திற் செய்க.

வெட்டிய துண்டுகளை வயலிலோ வாவியிலோ எறியவேண்டாம். தும்புக் கயிறு மண்ணோடு மண்ணாகிவிடும், இவை ஆகா. வெயிலில் நைந்து நுண்ணிய துணுக்குகளாகி மண்ணிலே தங்கும். புல்லோடு சேர்த்து மாடு விழுங்கினால் வயிற்றிற் சுருண்டு தங்கி, தீன் எடுக்காமல் மெலியச் செய்யும். பந்தல் கழற்றும் வேளையில் ஒரு சாக்கைக் கொடிக்காலருகே தொங்கவிட்டு, வெட்டும் நூலை அதனுள் இட்டுவந்தால் வேலை மிஞ்சாது.

பராமரிப்பு

விவசாயப் பாடசாலையில் எமக்கு முதல் வாரத்திற் கற்பித்தது விதைப்பையோ நடுகையையோ அன்று. ஆயுதத்தைக் கழுவித் துடைத்து வைக்கும் பழக்கத்தையே. கத்தரிக்கோலுக்கு அது மிகவும் பொருந்தும். உப்பு நீரிற் பட்டபின் நன்னீரிற் கழுவி உலரவிட்டு, அச்சாணியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இடுக. தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசினாகிவிடும். மணலிற் கிடந்த கயிற்றை நீரில் அலசியபின் வெட்டுக. ஒரு பிடி மணல், நூறு வெட்டிலும் கூடுதலாக அலகை மழுக்கிவிடும்.

தீட்டும்போது பற்களுள்ள அலகைத் தொடவேண்டாம். சமமான அலகின் சாய்ந்த முகத்தை மட்டும், இருக்கும் சாய்வை மாற்றாது, நுண்ணிய சாணைக்கல்லில் ஒரே திசையிற் சில முறை இழுத்தாற் போதும். இரு அலகுகளும் உரசிச் செல்லும் உட்புறத் தட்டை முகத்தைத் தேய்த்துவிட்டாற் பின்னர் அவை ஒன்றையொன்று தொடாது. சந்தைத் தெருக்களிற் சுழல் சாணையுடன் வருவோரிடம் கொடுத்தால் இதனை முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்.

மாதமொருமுறை ஈரமான கட்டுக்கயிற்றின் பழைய துண்டொன்றை, ஒரு கையால், கண்ணை மூடிக்கொண்டு குழாயிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் பாருங்கள். பெரும்போக மழை தொடங்குமுன், ஒக்டோபர் மாதத்தில் இதனைத் தவறாது செய்க.